சென்னை – கோவை: விமானமா, வந்தே பாரத்தா, இரவு ரயிலா?

விமானத்தில் 1 மணி 10 நிமிடம், வந்தே பாரத்தில் 5 மணி 50 நிமிடம், சேரன் எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ எட்டு மணி நேரம். டிக்கெட் தளங்கள் காட்டும் இந்த மூன்று எண்களை மட்டும் பார்த்தால் யோசிக்க ஒன்றுமே இல்லை, விமானம்தான். ஆனாலும் மாதம் இரண்டு முறை கோவைக்குப் போய்வரும் பலர் இன்னமும் இரவு ரயிலைத்தான் பிடிக்கிறார்கள். சிக்கனம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. பயணத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்பதற்கு முன்னால், அது நாளின் எந்தப் பகுதியை விழுங்குகிறது என்று கேட்டால் கணக்கு மாறிவிடுகிறது.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடலாம். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் கோவை சித்ராவில் இருக்கும் விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 405 கி.மீ. ரயில் பாதை சுமார் 495 கி.மீ. சாலை, எந்த வழியில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து, 500 கி.மீ.க்குச் சற்று மேலே. வரைபடத்தில் அந்த நேர்கோட்டைப் போட்டால் அது திருவண்ணாமலை, சேலம் வழியாகவே போகும். ஆனால் அந்த இரண்டு ஊருக்கும் நடுவே கல்வராயன், சேர்வராயன் மலைகள் குறுக்கே நிற்கின்றன. ரயில் காட்பாடி வழியாக மேற்கே ஜோலார்பேட்டை வரை போய், அங்கிருந்து தெற்கே சேலத்துக்கு இறங்கி, மலைகளை வடக்குப் பக்கமாகச் சுற்றுகிறது. உளுந்தூர்பேட்டை – ஆத்தூர் சாலை அவற்றைத் தெற்குப் பக்கமாகச் சுற்றுகிறது. விமானத்துக்கும் தரைவழிக்கும் இடையே இருக்கும் 90, 100 கி.மீ. வித்தியாசம் இப்படி வருவதுதான்.

அந்த 70 நிமிடத்தில் என்ன இருக்கிறது

கால அட்டவணையில் போடும் விமான நேரம், விமானம் புறப்பாட்டு இடத்திலிருந்து நகர ஆரம்பிக்கும் நொடியிலிருந்து போய்ச் சேரும் இடத்தில் நின்று சக்கரத்துக்குக் கட்டை போடும் வரை உள்ள நேரம். சென்னை – கோவைக்கு நிறுவனங்கள் இதை 65 முதல் 80 நிமிடம் வரை போடுகின்றன. வானத்தில் இருப்பது 45, 50 நிமிடம்தான். மீதி ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, தாமதத்துக்கென்று முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும் சில நிமிடங்கள். ஒரு நிறுவனம் 65, இன்னொன்று 80 என்று போட்டிருந்தால், 65 போட்டவரின் விமானம் வேகமானது என்று அர்த்தமில்லை. இரண்டும் ஒரே வகை ஜெட் விமானமாக இருந்தால் பறக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

காற்றும் இதில் ஒரு கை பார்க்கும். சென்னையின் பெரிய ஓடுபாதை கிழக்கு – மேற்காக இருக்கிறது. மேற்கிலிருந்து காற்று அடித்தால் விமானம் மேற்கு நோக்கி ஏறும்; கோவை அந்தத் திசையில்தான் என்பதால் நேராகப் போய்விடும். கடற்காற்று வீசும் நேரத்தில் கிழக்கே, கடலைப் பார்த்து ஏறி, வளைந்து திரும்ப வேண்டும். கோவையின் ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும்போது, சென்னையிலிருந்து வரும் விமானம் அதை எதிர்கொண்டு நேராக இறங்கலாம். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து இறங்க வேண்டியிருக்கும். எல்லாம் சேர்த்தும் சில நிமிட வித்தியாசம்தான். தரையில் தொலையும் நேரத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை

அண்ணா நகரிலிருந்து ஆர்.எஸ்.புரம் போகிறவருக்குக் கணக்குப் போடுவோம். விமான நிலையம் போக நெரிசலைப் பொறுத்து 50 முதல் 70 நிமிடம். செக்-இன் கவுன்ட்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பும், போர்டிங் கேட்டை 25 நிமிடம் முன்பும் மூடிவிடுவார்கள். பெட்டி போட வேண்டியிருந்தால் ஒன்றரை மணி நேரம் முன்னதாக அங்கே இருப்பதுதான் பாதுகாப்பு. பிறகு 70 நிமிடம் விமானம். இறங்கிப் பெல்ட்டில் பெட்டி எடுக்க 25. அவிநாசி சாலையில் ஊருக்குள் போக 30. மொத்தம் ஏறத்தாழ நாலரை முதல் நாலே முக்கால் மணி நேரம்.

தாம்பரத்தில் இருப்பவர், கையில் 7 கிலோ பை மட்டும், வெப் செக்-இன் முடித்தாயிற்று, போக வேண்டியது காளப்பட்டி அல்லது சரவணம்பட்டி பக்கம் என்றால் கதையே வேறு. வீட்டிலிருந்து 30 நிமிடம், விமான நிலையத்தில் 70, விமானம் 70, இறங்கி வெளியே வர 12, அங்கிருந்து 20. மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரே விமானத்தில் வந்த இரண்டு பேருக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். வீடும் பெட்டியும்தான் இதைத் தீர்மானிக்கின்றன.

வந்தே பாரத்தில் அதே அண்ணா நகர்க்காரருக்கு: சென்ட்ரல் போக 40 நிமிடம், முன்னதாக 25, ரயில் 350, நடைமேடையிலிருந்து வெளியே வர 10, ஜங்ஷனிலிருந்து ஆர்.எஸ்.புரம் 15. மொத்தம் 7 மணி 20 நிமிடம். அட்டவணையில் 4 மணி 40 நிமிடமாகத் தெரிந்த வித்தியாசம், வாசல் கணக்கில் இரண்டரை, மூன்று மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. அதோடு ரயிலில் கிடைப்பது ஒரே இருக்கையில், யாரும் எழுப்பாத ஆறு மணி நேரம். லேப்டாப்பைத் திறந்தால் உருப்படியாக வேலை நடக்கும். விமானப் பயணத்தின் நாலரை மணி நேரத்தில் தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து எதையும் செய்ய முடியாது.

சென்னைப் பக்கத்தில் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 1, டெர்மினல் 4 என்று இரண்டிலிருந்தும் கிளம்புகின்றன. எதிலிருந்து என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுப் போங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெட்டியோடு நடப்பது அவ்வளவு சின்ன தூரமில்லை. மெட்ரோ நெரிசலைத் தவிர்க்க மிக நல்ல வழி, ஆனால் காலை 5 மணிக்குத்தான் முதல் வண்டி. ஆறு மணி விமானத்துக்கு அது உதவாது, டாக்சிதான். முகத்தை வைத்தே உள்ளே விடும் டிஜி யாத்ரா செயலியை வைத்திருந்தால் நுழைவு வரிசை சுருங்கும். பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லாரோடும்தான் நிற்க வேண்டும். கோவைப் பக்கம் 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் – கோல்டுவின்ஸ் மேம்பாலம் திறந்த பிறகு நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. பத்து கி.மீ. நீளத்துக்கு சிக்னலே இல்லை. முன்பெல்லாம் மாலை நேரத்தில் ஹோப்ஸ், லட்சுமி மில் சிக்னல்களில் தேங்கி நின்ற நேரத்தை இப்போது கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

பகல் ரயில்கள் யாருடைய நாளுக்கு ஓடுகின்றன

இதைப் பலர் கவனிப்பதில்லை. வந்தே பாரத் (20644) காலை 6 மணிக்குக் கோவையில் கிளம்பி 11.50க்குச் சென்ட்ரல் வருகிறது. அதே வண்டி (20643) பிற்பகல் 2.25க்குக் கிளம்பி இரவு 8.15க்குக் கோவை சேர்கிறது. 2023 ஏப்ரல் 8 அன்று தொடங்கியதிலிருந்து அடிப்படை அமைப்பு இதுதான். கோவைக்காரர் ஒருவர் சென்னையில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றே திரும்ப வேண்டும் என்றால் சென்ட்ரலில் இறங்கி இரண்டரை மணி நேரம் கிடைக்கும். பூக்கடை, பாரிமுனை, உயர் நீதிமன்றப் பக்கம் என்றால் போதும். கிண்டி என்றாலே இழுபறி.

சென்னைக்காரருக்கு அந்த வசதியும் இல்லை. காலை ஏழு மணி வாக்கில் கிளம்பும் சதாப்தி கோவை போய்ச் சேரப் பிற்பகல் இரண்டு ஆகிவிடும். மூன்று மணி வாக்கில் அதே வண்டி திரும்புகிறது. காலை ஆறு மணி வாக்கில் கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸிலும் இதே நிலைமைதான். ஆக, சென்னையிலிருந்து காலையில் போய், வேலையை முடித்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப ரயில் வழியே கிடையாது. அந்த ஒரு தேவைக்கு விமானத்தைத் தவிர வேறு பதில் இல்லை. முதல் விமானத்தில் போனால் ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்கலாம், மாலை ஏழு மணிக்கு மேல் திரும்பலாம்.

சராசரி வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். வந்தே பாரத் 495 கி.மீ.யை மணிக்கு 85 கி.மீ. வீதம் கடக்கிறது, சேலம், ஈரோடு, திருப்பூர் மட்டும் நிற்கும். ஏழு மணி நேர சதாப்தி மணிக்கு 71. இந்த ஒரு மணி நேர மிச்சத்துக்காக நேரத்தை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. எந்த நேரம் உங்களுக்கு ஒத்துவருகிறதோ அந்த வண்டி. இரண்டுமே வாரத்தில் ஒரு நாள் ஓடாதபடி அமைந்த வண்டிகள் என்பதால் தேதியை முதலில் பாருங்கள்.

இரவு ரயில்

சேரன் எக்ஸ்பிரஸ் (12673) இரவு பத்து மணி வாக்கில் சென்ட்ரலில் கிளம்பிக் காலை ஆறு மணி வாக்கில் கோவை சேர்கிறது. எட்டு மணி நேரம் என்று தெரிந்தாலும், அந்த எட்டும் வீட்டில் இருந்தாலும் தூங்கித்தான் கழிந்திருக்கும். பகல் நேரத்தில் போவது, முன்னிரவில் ஒரு மணி நேரமும் காலையில் அரை மணி நேரமும்தான். காலை 9 மணிக்குக் கோவையில் கூட்டம் என்றால், மூன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து முதல் விமானத்தைப் பிடிப்பவரைவிட சேரனில் வந்தவர் தெளிவாக இருப்பார். இது ரயிலில் தூக்கம் வருகிறவர்களுக்கு. வராதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம், அவர்களுக்கு இது ஒரு சேமிப்பே இல்லை.

நீலகிரி எக்ஸ்பிரஸ் (12671) ஒன்பது மணி வாக்கிலேயே கிளம்புகிறது, கோவையைக் காலை ஐந்து மணி வாக்கில் தொட்டு மேட்டுப்பாளையம் போகிறது. கோவையில் இறங்குபவர் அலாரம் வைத்தே ஆக வேண்டும். தூங்கிவிட்டால் மேட்டுப்பாளையத்தில்தான் விழிப்பு. சேரனில் அந்தப் பயமில்லை, கோவையோடு முடிகிறது. மறுபக்கம், ஊட்டிக்கு மலை ரயிலில் போகிறவருக்கு நீலகிரிதான் சரி. காலை ஆறே கால் வாக்கில் மேட்டுப்பாளையம், 7.10க்கு மலை ரயில். முதல் விமானத்தில் வந்தாலும் அதைப் பிடிக்க முடியாது.

கேரளா போகும் மெயில், எக்ஸ்பிரஸ்களில் இடம் கிடைக்கிறதே என்று எடுப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அவற்றில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கோவையைக் கடக்கும். சில வண்டிகள் ஜங்ஷனுக்குள் வராமல் இருகூரிலிருந்து திரும்பிப் போத்தனூர் வழியாகப் போய்விடும். போத்தனூரில் இறங்கினால் ஊருக்குள் வர ஆட்டோவுக்குத் தனியாக ஆகும்.

சீக்கிரம் வந்து இறங்குபவர்கள் குளித்து உடை மாற்ற ஜங்ஷனில் ஓய்வறை உண்டு. உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசியில் முன்பதிவு செய்யலாம்.

வேலை விஷயமாக ஒரு நாள் போய்வருகிறவர்களுக்கு என் பரிந்துரை: போகும்போது சேரன், திரும்பும்போது மாலை விமானம். போகும்போது காலையில் நேரத்துக்கு அங்கே இருப்பது முக்கியம். விமானங்களின் தாமதம் நாள் போகப்போகச் சேர்ந்துகொண்டே வரும். ஒரே விமானம் காலையிலிருந்து நாலைந்து ஊர் சுற்றிவருவதால், மதியம் வேறெங்கோ ஆன தாமதம் இரவு கோவையில் உங்கள் தலையில் விழும். திரும்பும்போது அது நடந்தால் தூக்கம் ஒரு மணி நேரம் குறையும், அவ்வளவுதான்.

திருப்பூர், ஈரோடு போகிறவர்கள்

'கோவை விமானம்' என்று எடுத்துவிட்டுத் திருப்பூருக்குப் போகிறவர்கள் நிறைய. விமான நிலையத்திலிருந்து அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், டாக்சிக் கட்டணம் தனி. வந்தே பாரத்தோ கோவைக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாகவே திருப்பூரில் நிற்கிறது. வாசல் கணக்கில் விமானத்துக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம் சொச்சம். அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுப்பதா என்று யோசிக்கலாம். ஈரோட்டுக்கு யோசனையே வேண்டாம், ரயில்தான்.

பணம்

வந்தே பாரத் நாற்காலி வகுப்பு, உணவோடு, 1,200 முதல் 1,500 ரூபாய்க்குள். இரவு ரயிலில் மூன்றடுக்கு ஏசி 900 அளவில், ஸ்லீப்பர் 350 அளவில். கோவை எக்ஸ்பிரஸில் உட்காரும் வகுப்பு 200 ரூபாய் அளவில். பகல் முழுக்க உட்காரத் தயாரென்றால் இதைவிடச் சிக்கனம் கிடையாது. விமானம் சில வாரங்கள் முன்பே எடுத்தால் மூவாயிரம் சொச்சம், நாளைக்குப் போக இன்று எடுத்தால் ஆறாயிரம், ஏழாயிரம். தீபாவளி, பொங்கலுக்கு ஐந்து இலக்கம் தொடுவதும் உண்டு. இதில் இரு பக்க டாக்சியையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். வடசென்னையிலிருந்து மீனம்பாக்கம், சித்ராவிலிருந்து ஊர் என்று ஆயிரத்துக்கு மேல் போய்விடும்.

லக்கேஜும் பணம்தான். விமானத்தில் பொதுவாகப் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. கோவையிலிருந்து ஒரு டேபிள் டாப் கிரைண்டர் வாங்கி வந்தால் அந்தப் பதினைந்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ரயிலில் மூன்றடுக்கு ஏசிக்கும் ஸ்லீப்பருக்கும் 40 கிலோ வரை இலவசம். பொள்ளாச்சிப் பக்கத்து உறவினர்கள் கொடுத்தனுப்பும் பொருட்களிலும் கவனம் வேண்டும். கொப்பரை தீப்பற்றக்கூடியது என்பதால் விமானப் பெட்டியில் விடமாட்டார்கள். நெய், எண்ணெய், ஊறுகாய் கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். பவர் பேங்க் நேரெதிர்: கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் வைத்தால் திறக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

காரும் பஸ்ஸும்

கார் எட்டு, ஒன்பது மணி நேரம். லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு 34 லிட்டர், அதாவது சுமார் 3,400 ரூபாய் பெட்ரோல், அதோடு சுங்கம். தனியாளுக்குக் கட்டுப்படியாகாது, நாலு பேர், குழந்தைகள், கோவையில் இறங்கிய பிறகும் வண்டி தேவை என்றால் எல்லாவற்றையும் விட இதுதான் மலிவு. அடிக்கடி போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் லாபம். 200 முறை சுங்கச்சாவடி கடக்கலாம். கிருஷ்ணகிரி வழியில் போனால் தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் உங்களுக்கு இறக்கமாக வரும். பிரேக் சூடேறிக் கட்டுப்பாடு இழக்கும் லாரிகளால் பெரிய விபத்துகள் நடந்திருக்கும் இடம். கியரைக் குறைத்து இறங்குங்கள், லாரிக்கு முன்னால் போய்ச் சொருகாதீர்கள். உளுந்தூர்பேட்டை வழியில், புறவழிச்சாலைகள் முதலில் இருவழியாகவே போடப்பட்டவை. நால்வழியில் வந்த வேகத்தோடு அவற்றில் நுழைவது இரவில் ஆபத்து.

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான். கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புவதால் தாம்பரம், கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கு வாசலில் வண்டி. பெரம்பூர்க்காரருக்கு அங்கே போகவே ஒன்றரை மணி நேரம்.

எது எப்போது கெட்டுப்போகும்

போகிப் பண்டிகை அதிகாலை சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போவது பல வருடங்களாக நடப்பது. அன்று காலை விமானம் எடுக்காதீர்கள். நவம்பர், டிசம்பர் புயலில் விமான நிலையத்தையே மூடுவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல். அப்போது ரயில் மட்டும் ஓடும் என்று நம்ப வேண்டாம். பேசின் பிரிட்ஜ் – வியாசர்பாடி இடையே இருக்கும் 14ஆம் எண் பாலத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரலிலிருந்து மேற்கே போகும் வண்டிகள் நின்றுவிடும். மிக்ஜாமில் அதுதான் நடந்தது.

விமானம் ரத்தானால்: முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால், ஒன்று முதல் இரண்டு மணி நேர விமானங்களுக்கு 7,500 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது இழப்பீடு என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதி. மாற்று விமானமோ முழுப் பணமோ அதற்கு மேல். புயல், பனி போன்ற காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. பணம் திரும்பக் கிடைக்கும். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் ஏறாமல் விட்டால் முழுக் கட்டணத்தையும் கேட்கலாம், ஆனால் வண்டி கிளம்பும் முன்பே டிடிஆர் (பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிய வேண்டும். பதியாமல் வீட்டுக்குப் போய்விட்டால் ஒரு ரூபாயும் வராது.

பண்டிகைக்குப் போகிறவர்கள்: ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்புதான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. சேரனிலும் நீலகிரியிலும் பொங்கல் இடங்கள் நிமிடங்களில் தீர்ந்துவிடும். வெயிட்டிங் லிஸ்ட்டில் மாட்டினால் தட்கலை நம்பிக் காத்திருக்காமல், அன்றே விமான விலையைப் பாருங்கள். இரண்டு மாதம் முன்பு அது இன்னும் ஏறியிருக்காது. தட்கல் முந்தைய நாள் ஏசிக்கு 10 மணி, மற்ற வகுப்புக்கு 11 மணி. ஐஆர்சிடிசி கணக்கை ஆதாரோடு முன்பே இணைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த நேரத்தில் உள்ளேயே விடாது. தட்கலில் உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் வராது என்பதால், விமானத்தையும் தட்கலையும் சேர்த்து எடுத்துவிட்டுப் பிறகு ஒன்றை விட்டுவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.